ஷாலிக்குக் கொடுத்த கணினி

1

போன வாரம் என் மகள் கிளேர் லண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்தாள். வந்த மறுநாள் காலையில் தன் மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்து, "இதை எங்கேயாவது போட்டுவிடு" என்றாள். பிரெஞ்சில்தான் சொன்னாள். தமிழில் அவளுக்கு 'அம்மா', 'போதும்', 'காரம்' என்று மூன்று சொற்கள் தெரியும். மூன்றையும் சாப்பிட உட்காரும்போதுதான் வெளியே எடுப்பாள்.

"வேலை செய்யவில்லையா?" என்று கேட்டேன்.

"செய்கிறது. பழசு, அவ்வளவுதான்."

லியோன் நகரத்துக்கு வெளியே ஒரு முதியோர் இல்லத்தில் எனக்கு வேலை. கிழவர் கிழவிகளைக் குளிப்பாட்டி, உடுத்தி, ஊட்டிவிட்டு, யார் சாப்பிட்டார் யார் துப்பினார் என்று தினமும் ஒரு பக்கம் தட்டச்சு செய்து கொடுக்க வேண்டும். முந்தின நாள் அறிக்கை பாக்கி இருந்தது. வீட்டிலிருந்தே அனுப்பிவிடலாம் என்று மகளின் கணினி முன்னால் உட்கார்ந்தேன். பத்து வரி அடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால், திரையில் ஒரு சொல்கூடச் சொல்லாக இல்லை. கிளேர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "அம்மா, இது இங்கிலீஷ் கீபோர்டு. லண்டனில் வாங்கியது" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டாள்.

ஊரிலிருந்து வாசிக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டும். பிரான்சில் விற்கிற கணினிகளில் எழுத்துகள் நம் ஊர்க் கணினியில் இருக்கிற இடத்தில் இருப்பதில்லை. 'ஏ' இருக்க வேண்டிய இடத்தில் 'க்யூ' இருக்கும். 'இசட்' இருக்க வேண்டிய இடத்தில் 'டபிள்யூ' இருக்கும். 'எம்' கீழ்வரிசையை விட்டு நடுவரிசைக் கோடிக்குப் போயிருக்கும். எண்களை அடிக்க இன்னொரு விசையையும் சேர்த்து அமுக்க வேண்டும், முற்றுப்புள்ளிக்கும் அப்படித்தான். பார்த்துப் பார்த்து ஒரு விரலால் குத்துகிறவர்களுக்கு இதில் பெரிய தொந்தரவு இல்லை. பார்க்காமல் அடிக்கப் பழகியவர்கள் இதிலிருந்து அதற்கு மாறினால் விரல் தானாகத் தப்பான இடத்துக்குப் போகும்.

இது எனக்குப் போன வாரம் தெரிந்த விஷயமில்லை. இருபத்தைந்து வருடமாகத் தெரியும். தெரிந்துகொண்டே என் அண்ணன் மகளுக்கு நான் என்ன செய்தேன் என்பதைத்தான் எழுதப் போகிறேன். என்னை நல்லவள் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இந்த இடத்தில் பக்கத்தைப் புரட்டிவிடலாம்.

2

எங்கள் வீட்டில் 2003இல் வாங்கிய மேசைக் கணினி ஒன்று இருந்தது. ஆறு வருடம் உழைத்தது. பிள்ளைகள் இரண்டு பேருக்கும் மடிக்கணினி வந்த பிறகு, அதை நடைவழியில் வைத்து அதன்மேல் துவைத்த துணியைக் குவித்து வைத்திருந்தோம். ஒரு கோளாறும் கிடையாது. தொட்டால் ஓடும், ஆனால் யாரும் தொடுவதில்லை.

இந்த நாட்டில் பழைய கணினியைக் குப்பைத்தொட்டியில் போட முடியாது. நகராட்சிக் கிடங்குக்குக் கொண்டுபோக வேண்டும். கொண்டுபோனேன். வாசலில் ஆரஞ்சுச் சட்டை போட்டிருந்த ஆள், இந்த ஊரில்தான் குடியிருக்கிறேன் என்பதற்குச் சான்று கேட்டார். மின்சார ரசீதைக் காட்டினேன். அது என் கணவர் பெயரில் இருந்தது. அவரை வரச் சொல்லுங்கள் என்றார். கணவர் புதுச்சேரிக்காரர், வழிவழியாகப் பிரெஞ்சுக் குடிமகன். அரசாங்கக் காகிதம் எதுவானாலும் அவருக்கு மரியாதை அதிகம், நேரம் குறைவு. இரண்டாம் தடவை நான் தனியாகவே கல்யாணச் சான்றிதழோடு போனேன். அன்றைக்குக் கிடங்குக்கு விடுமுறை. குப்பை போடுவதற்குக்கூடக் காகிதம் காட்ட வேண்டியிருக்கிறதே என்று காரில் உட்கார்ந்து திட்டினேன்.

மூன்றாம் தடவை போக மனமில்லை. அப்போதுதான் எனக்கு அண்ணன் மகள் ஷாலியின் ஞாபகம் வந்தது. இந்த வரிசை முக்கியம். முதலில் கிடங்கு, பிறகுதான் ஷாலி.

அந்த ஆடி மாத விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, கணினியைக் கம்பளிச் சட்டைகளுக்குள் சுற்றி இரண்டு பெட்டிகளில் ஏற்றினேன். திருவனந்தபுரம் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார். "பழையது சார், அஞ்சு பைசாவுக்குப் பெறாது" என்றேன். அதையே எழுதித் தரச் சொன்னார். பயன்படுத்திப் பழசானது, விலைமதிப்பு இல்லாதது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் வாசித்துவிட்டு, அப்படியானால் எதற்கு இதைச் சுமந்துகொண்டு வந்தாய் என்று மலையாளத்தில் கேட்டார். நல்ல கேள்வி. சிரித்து மழுப்பிவிட்டு வெளியே வந்தேன்.

மூன்று மணி நேரம் கழித்து, எங்கள் கடற்கரை ஊரான இனயத்தில் அண்ணன் வீட்டு முன்னறையில், பக்கத்து வீட்டார் ஏழெட்டுப் பேர் நிற்க, அதே பெட்டியைத் திறந்து, "பிரான்சுல பெரிய பெரிய ஆபீசுல எல்லாம் இதாக்கும் வச்சிருக்கு" என்று சொன்னேன்.

3

அண்ணன் பெயர் சூசை மிக்கேல். மீன்பிடிக்க ஆழ்கடல் தங்கலுக்குப் போகிறவர். போனால் மூன்று வாரம், நாலு வாரம் கழித்துத்தான் கரையேறுவார். அவர் மனைவி ரோஸ்லின், எனக்கு மைனி. ஒரே மகள் ஷாலி. அப்போது பிளஸ் டூ முடித்திருந்தாள். அப்பாவின் தங்கையை எங்கள் கடற்கரையில் மாமி என்று கூப்பிடுவார்கள். அந்த முறையில் நான் அவளுக்கு மாமி.

ஷாலி அன்று முழுக்க அந்தக் கணினியின் பக்கத்தை விட்டு நகரவில்லை. ஈரத்துணியால் ஒவ்வொரு விசையாகத் துடைத்தாள். என் பிள்ளைகள் ஆறு வருடம் ரொட்டித் துணுக்கு சிந்திய இடுக்கையெல்லாம் ஈர்க்குச்சியால் குத்திச் சுத்தம் செய்தாள். அவளுக்கு அது ஏன் தேவை என்று அண்ணன் சொன்னார். நாகர்கோவிலில் ஒரு கம்பெனி இருந்தது. வெளிநாட்டு டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் வேலை. பிளஸ் டூ படித்த பெண்களை எடுப்பார்கள், ஆனால் முதலில் வேகமாகத் தட்டச்சு செய்து காட்ட வேண்டும். பக்கத்து ஊர்க் கருங்கல்காரப் பெண் ஒருத்திக்குக் கிடைத்திருந்தது. அவள் ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு போவதை ஷாலி பார்த்திருக்கிறாள்.

"ஒரு வருசம் பாக்குதேன்" என்றார் அண்ணன். "டெஸ்டுல செயிச்சா நாகர்கோயிலு. இல்லன்னா குஜராத்து. ஏஜெண்டு ரெண்டு மட்டம் வீட்டுக்கு வந்துட்டுப் போயாச்சு."

குஜராத் என்றால் இறால் கம்பெனி. எங்கள் கரையிலிருந்து பெண்பிள்ளைகளைக் கூட்டமாகக் கொண்டுபோவார்கள். ஐஸ் தண்ணீருக்குள் கைவிட்டு நாள் முழுக்க இறால் உரிக்க வேண்டும். போனவர்கள் கைகளை நான் பார்த்திருக்கிறேன். ஷாலியும் பார்த்திருக்கிறாள். அதனால்தான் ஈர்க்குச்சியை வைத்து அந்த அளவுக்குச் சுத்தம் செய்தாள்.

மறுநாள் காலையில் பின்பக்கம் பல்தேய்க்கப் போனேன். மைனி பக்கத்து வீட்டுக்காரியிடம் மதிலுக்கு மேலே பேசிக்கொண்டிருந்தாள். நான் நிற்பது அவளுக்குத் தெரியாது.

"அவளுக்க வீட்டுல குப்பை போட எடமில்லாம இஞ்ச கொண்டு தள்ளியிருக்கா. பிரான்சுல இருக்கவளுக்குப் புதுசு ஒண்ணு வாங்க வழியில்லாமலா?"

பொய்யாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டு அங்கேயே முடித்திருப்பேன். அவள் சொன்னது முழு உண்மை. கிடங்கு வாசலில் என் பக்கத்தில் நின்று பார்த்ததுபோலச் சொன்னாள். அதற்காகவே அவளை வெறுத்தேன். வாயில் பற்பசை நுரையோடு அப்படியே நின்றது இன்றும் நினைவிருக்கிறது.

4

நான் பிரான்சுக்கு வந்த கதையைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளைகளைத் துறவற மடங்களில் சேர்த்து ஐரோப்பாவுக்கு அனுப்பும் வழக்கம் உண்டு. எனக்கு இறையழைத்தல் இருந்ததோ இல்லையோ, டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்திருந்தேன். அதனால் மடத்தில் என்னை அலுவலகத்தில் உட்கார வைத்தார்கள். வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. பாதி மொழி புரியாமல், தாளைப் பார்த்து எழுத்து எழுத்தாக ஒரு கடிதம் அடித்துக் கொடுத்தேன். ஊரில் கற்றபடி விசைகளைப் பார்க்காமல் அடித்தேன். அந்த மெஷினில் எழுத்துகள் இடம் மாறியிருந்ததை யாரும் சொல்லவில்லை.

அலுவலகப் பொறுப்பில் இருந்த கன்னியாஸ்திரி அந்தக் கடிதத்தைச் சாப்பாட்டு அறைக்குக் கொண்டுவந்து, நான் அடித்தபடியே உச்சரித்து வாசித்தார். நாற்பது பேர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். என்ன நடக்கிறது என்று தெரியாமல் நானும் சேர்ந்து சிரித்தேன். பிறகு இரண்டு மாதம், விரல்களை அடக்கி ஒடுக்கி மறுபடி பழக்கினேன்.

மூன்று வருடம் கழித்து மடத்தை விட்டு வெளியேறி, கல்யாணம் செய்துகொண்டேன். அண்ணன் ஒரே ஒரு கடிதம் போட்டார். இனி இந்த வீட்டுக்கு எழுத வேண்டாம் என்றிருந்தது. முன்னறைச் சுவரில் மாட்டியிருந்த, மடத்து உடுப்பு போட்ட என் படத்தைக் கழற்றி மைனி அடுப்பில் போட்டாள் என்று பிறகு தெரியவந்தது. எட்டு வருடம் பேச்சு கிடையாது. அப்பா இறந்தபோது நான் பணம் அனுப்பினேன், அதன் பிறகு பேச்சு வந்தது. வந்ததே தவிர, அந்த அடுப்பை நான் மறக்கவில்லை.

5

கணினியைக் கொடுத்துவிட்டு நான் பிரான்சுக்குத் திரும்பி வந்து ஒரு மாதம் இருக்கும். கரையில் இருந்த அண்ணன் கூப்பிட்டார்.

"மக்கா, கருங்கல்ல கம்ப்யூட்டர் கடை வச்சிருக்க ஆளு வந்து பாத்தாரு. பொட்டி நல்ல பொட்டியாக்கும், கீபோர்ட மட்டும் மாத்தணும்னு சொல்லுகாரு. எழுத்து வேற மாதிரி கெடக்குதாம். இருநூறு ரூவாய்க்குக் கிட்டுமாம்."

அந்த ஆள் சொன்னது சரி. இருநூறு ரூபாயில் தீர்கிற விஷயம். ஆமாம், மாற்று என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வேறு எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை.

எங்கள் ஊரில் வெளிநாட்டுச் சாமான் எது வந்தாலும் கூடவே ஒரு பயமும் வரும். ரேடியோவோ மிக்சியோ டார்ச் லைட்டோ, ரிப்பேருக்குக் கொடுத்தால் உள்ளே இருக்கிற ஒறிஜினலை உருவிக்கொண்டு டூப்ளிகேட்டை மாட்டித் தருவார்கள் என்பது கடற்கரை முழுக்க எல்லோருக்கும் இருக்கிற நம்பிக்கை. பழுதான வாட்சை ஒறிஜினலாகவே பெட்டிக்குள் பூட்டி வைத்திருப்பார்களே தவிர, ஓடுகிற டூப்ளிகேட்டைக் கையில் கட்ட மாட்டார்கள். அண்ணன் மனதில் அந்தச் சந்தேகம் ஏற்கெனவே பாதி இருந்தது. மீதியை நான் போட்டேன்.

"பழசை அவரு கையோட கொண்டு போவாராமா?" என்று கேட்டேன்.

"ஓ. அதைத் தந்தா அம்பது ரூவா கொறைப்பேன்னாரு."

"அப்ப உனக்கு வெளங்கலியா?"

அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "ஒறிஜினல அடிச்சிட்டுப் போகத்தானா?"

"நான் ஒண்ணும் சொல்லேல. இஞ்ச பிரான்சு முழுக்க இதுலதான் அடிக்காங்க. மாத்தணும்னா மாத்து. பொறவு என்கிட்ட ஒண்ணும் கேக்காத."

ஷாலி போனை வாங்கினாள். அவள் அப்பாவைவிடப் புத்திசாலி. நேராகவே கேட்டாள்.

"மாமி, பள்ளிக்கூடத்துல இருந்ததுல ஏ வேற எடத்துல இருந்த மாதிரி ஓர்ம. வாரத்துக்குப் பத்து நிமிசந்தான் தருவாவ, அதனால உறப்பாத் தெரியேல. டெஸ்டுல எது இருக்கும்?"

அப்போது என் வாய்வரைக்கும் உண்மை வந்துவிட்டது. அந்த நேரத்தில் பின்னால் மைனியின் குரல் கேட்டது. "கேட்டதைக் கேட்டுட்டு வையிட்டி. அவளுக்குப் புதுசு கீபோர்டு ஒண்ணு தரவும் மனசு வராது."

"பெரிய கம்பெனின்னா இதாக்கும் இருக்கும்" என்று ஷாலியிடம் சொன்னேன். "பாக்காம அடிச்சுப் படி மக்கா. குனிஞ்சு பாத்து அடிச்சா ஆளு தேறமாட்டா. கண்ணு தாள்லதான் இருக்கணும்."

"செரி மாமி" என்றாள்.

ஒரு வாரம் கழித்துத் திருத்திவிடலாம் என்று நினைத்திருந்தேன். சத்தியமாக நினைத்தேன். அடுத்த வாரம் சொன்னால் முந்தின வாரம் சொன்னது பொய் என்று ஆகிவிடும். மைனியின் காதுக்குப் போகும். அதற்கு அடுத்த வாரம் இன்னும் கஷ்டமாக இருந்தது. அதற்குப் பிறகு நான் அதை நினைப்பதையே விட்டுவிட்டேன்.

6

ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து ஷாலி மிஸ்டு கால் கொடுப்பாள். நான் திரும்பக் கூப்பிடுவேன். "மாமி, இன்னைக்கு நிமிசத்துக்கு இருவத்தஞ்சு வார்த்தை." பிறகு முப்பது. பிறகு முப்பத்தெட்டு. சரியாக அடிக்கிறாளா என்று அண்ணனே தாளையும் திரையையும் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்ப்பாராம். கடலுக்குப் போகாத நாளில் அவருக்கு அதுதான் வேலை. அந்தக் கணினியில் ஷாலி அடிப்பது அத்தனையும் சரியாகவே விழுந்தது. தவறு வர அங்கே வழியே இல்லை.

கணினி முழுக்கப் பிரெஞ்சில் இருந்தது. அதையும் அவள் படித்துக்கொண்டாள். "மாமி, இந்த என்ரெஜிஸ்டர்னு கெடக்கதுதானே சேவ் பண்ணுகது?" என்று தட்டித் தடவிக் கேட்பாள். நான் உச்சரிப்பைத் திருத்துவேன். என் சொந்தப் பிள்ளைகள் நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்லி, என் பிரெஞ்சைக் கேட்டு முகம் சுளிப்பார்கள். பள்ளிக்கூடக் கூட்டத்தில் வாயைத் திறக்காதே என்று கிளேர் என்னிடம் சொன்னது அந்த வருடம்தான். இங்கே அப்படி. அங்கே கடற்கரையில் ஒரு பெண் நான் சொல்கிற ஒவ்வொரு சொல்லையும் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டாள். எனக்கு அது பிடித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருப்பேன். தப்பான இடத்தில் விரல் வைக்க அவளை வாரம் ஒரு தடவை தட்டிக்கொடுத்துக்கொண்டே, என்னை மதிக்க ஒருத்தி இருக்கிறாள் என்று சந்தோஷப்பட்டேன்.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் ஒரு மாதம் போய்வரவா என்று அவள் ஒருமுறை அப்பாவிடம் கேட்டிருக்கிறாள். வீட்டிலேயே ஒறிஜினல் இருக்கும்போது அங்கே போய் எதற்கு ஓட்டை மெஷினைத் தட்ட வேண்டும் என்று அண்ணன் சொல்லிவிட்டார். போயிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். அந்தச் செய்தியைக் கேட்டபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைத்தான் இன்றைக்கும் என்னால் பொறுக்க முடியவில்லை.

7

டெஸ்ட் நாளுக்காக அண்ணன் ஒரு தங்கல் போகாமல் கரையில் நின்றார். காலையில் முதல் பஸ்ஸில் மகளைக் கூட்டிக்கொண்டு நாகர்கோவில் வடசேரிக்குப் போனார். பஸ் ஸ்டாண்டில் அவளுக்கு ஆப்பமும் கடலையும் வாங்கிக் கொடுத்ததாகச் சொன்னார். அன்று மதியம் எனக்கு இல்லத்தில் சாப்பாட்டு நேரம். ஒரு கிழவருக்குச் சூப் ஊட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"மக்கா, பிள்ள தோத்துட்டு" என்றார் அண்ணன். குரல் உள்ளே போயிருந்தது. "ஒரு வார்த்தைகூட சரியில்லியாம். முழுப் பக்கமும் கிறுக்கி வச்சிருக்கா. நோயாளிக்க வயசு எழுத வேண்டிய எடத்துல நட்சத்திரமும் ஆச்சரியக்குறியுமாக் கெடக்கு. அந்த மேடம் தாளை எடுத்துட்டு வந்து எனக்கிட்ட காட்டி, ஒங்க மக வெளையாட வந்தாளான்னு கேக்குது. அஞ்ச டெஸ்டுக்கு இருந்த பிள்ளைய எல்லாம் சிரிக்குதுவ."

கிழவர் வாயைத் திறந்தபடி அடுத்த கரண்டிக்குக் காத்திருந்தார். எனக்கு உடனே எல்லாம் தெரிந்துவிட்டது. தாளில் கண்ணை வைத்து, நிமிர்ந்த தலையோடு, எல்லோருக்கும் முன்னால் அடித்து முடித்திருப்பாள். நான் சொல்லிக் கொடுத்தபடியே செய்திருப்பாள். நிமிர்ந்து திரையைப் பார்த்த அந்த நேரத்தில் அவள் முகம் எப்படி இருந்திருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். நாற்பது கரண்டிகள் கீழே வைக்கப்பட்ட சத்தம் எனக்குக் கேட்டது.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். கீபோர்டின் தப்பு, பிள்ளையின் தப்பில்லை, இன்னொரு வாய்ப்புக் கேள், இரண்டு மாதத்தில் விரல் பழகிவிடும் என்று சொல்லியிருக்கலாம். அண்ணன் கேட்டார்: "ஒரு வருசமா அடிச்சாளே மக்கா. நானே பாத்தேனே. எல்லாம் சரியாத்தானே விழுந்தது. எங்க பெசகிச்சு?"

"கம்ப்யூட்டர் நான் தந்தாச்சு" என்றேன். "மூளையும் நான்தான் தரணுமா?"

என் வாயால் சொன்னேன்.  அண்ணன் பக்கத்தில் ஷாலி நின்றிருந்தாள் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அந்தப் பழைய போனில் பேசினால் அடுத்த ஆளுக்கும் கேட்கும்.

மீதிச் சூப்பை ஊட்டி முடித்தேன். அன்றைய அறிக்கையில் 'முழுவதும் சாப்பிட்டார்' என்று பிழையில்லாமல் அடித்தேன்.

8

மறு மாதம் ஷாலி குஜராத்துக்குப் போனாள். பன்னிரண்டு பெண்கள் ஒரே பெட்டியில் ரயிலேறினார்கள்.

ஊரில் யாரும் கணினியைக் குறை சொல்லவில்லை. அது பிரான்சுச் சாமான், ஒறிஜினல், அதில் பிழை எப்படி வரும்? பிழை பிள்ளையிடம் என்று ஒரே குரலில் முடிவாகிவிட்டது. "ஃபாரின் கம்ப்யூட்டர் கெடச்சும் தேறாத மண்டி" என்று மைனியே மகளைச் சொன்னாள். அடுத்த தடவை நான் போனபோது, கணினிக்கு எம்ப்ராய்டரி போட்ட துணி உறை தைத்துப் போட்டிருந்தார்கள். மேலே மாதா சுரூபம். மைனி எனக்குக் காப்பி கொண்டுவந்து வைத்து, "நீ செய்ததை நாங்க மறக்கேல. அவளுக்குத்தான் குடுத்துவைக்கேல" என்றாள். மதிலுக்கு மேலே குப்பை என்று சொன்ன அதே வாய்.

நான் ஜெயித்திருந்தேன். காப்பியில் சர்க்கரை கூடுதலாக இருந்தது. குடித்தேன்.

உறையைத் தூக்கிப் பார்த்தேன். விசைகள் சுத்தமாக இருந்தன. அதிகம் அடிக்கும் நாலைந்து எழுத்துகள் தேய்ந்து அழிந்திருந்தன. என் பிள்ளைகள் ஆறு வருடத்தில் அழிக்காததை அவள் ஒரு வருடத்தில் அழித்திருந்தாள்.

9

கிளேரின் மடிக்கணினி முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஓடுகிறது. பழசு, அவ்வளவுதான். எழுத்துகளெல்லாம் நாகர்கோவிலில் இருக்கிற இடத்திலேயே இருக்கின்றன. இதை அன்றைக்குக் கொடுத்திருந்தால் என்று நினைத்தேன். ஏழு வருடம் கழித்து வருகிற நல்ல புத்தி. இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை ஷாலியை வாட்ஸப்பில் கூப்பிட்டேன். அவளுக்கு அன்று கம்பெனி கிடையாது, ஹாஸ்டலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இப்போது இருபத்தைந்து வயது.

"மக்கா, ஒரு லேப்டாப் இருக்கு. நல்லா ஓடும். உனக்கு அனுப்பட்டா?"

 துணியை உதறுகிற சத்தம் கேட்டது.

"எழுத்து எல்லாம் சரியான எடத்துல கெடக்கா மாமி?"

கோபமாகக் கேட்கவில்லை. மீன் நேற்றையதா இன்றையதா என்று கேட்பதுபோலக் கேட்டாள். 

"உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"டெஸ்டு ஹால்ல வச்சே தெரியும் மாமி. அடிச்சு முடிச்சிட்டுத் தலையைக் குனிஞ்சு பாத்தேன். பள்ளிக்கூடத்துல ஏ இருந்த எடத்துல ஏ இருந்தது."

"அப்பாகிட்ட ஏன் சொல்லேல?"

"வெளிய வந்து சொல்லத்தான் போனேன். அப்பா உங்ககிட்ட ஃபோன் பேசிட்டு நின்னாரு. நீங்க சொன்னது கேட்டுது." துணி உதறுவதை நிறுத்தினாள். "நீங்களும் ஒரு காலத்துல லோயர் பாஸ் பண்ணினவங்கன்னு அப்பா சொல்லியிருக்காரு. அப்ப உங்களுக்கு ஆதியிலேயே தெரியும். தெரிஞ்சு சொன்னவங்க மேல என்னத்தைச் சொல்ல. சொன்னா அப்பா பொறவு உங்ககிட்ட பேச மாட்டாரு. பொறவு ஊருல உங்களுக்கு யாரு இருக்கா?"

நான் அழுதேன். அவள் முடியட்டும் என்று காத்திருந்தாள். அழுகிறவர்களுக்காகக் காத்திருந்து பழகியவள்போல இருந்தாள். பிறகு சொன்னாள்:

"லேப்டாப் வேண்டாம் மாமி. ஐஸ்ல கெடந்து கெடந்து வெரலு இப்ப மடங்க மாட்டேங்குது. வீணா அனுப்பாதீங்க. அஞ்ச பிரான்சுல யாருக்காவது குடுங்க."

ஹாஸ்டலில் சாப்பாட்டு மணி அடித்தது. போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

இந்தக் குறிப்பு அச்சில் வந்தால் மைனி வாசிப்பாள், அண்ணனுக்கும் வாசித்துக் காட்டுவாள். வாசிக்கட்டும். அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். அதன் பிறகு அண்ணன் என்னோடு பேசமாட்டார். ஷாலி ஆறு வருடம் கட்டிக் காத்ததை நானே உடைக்கிறேன் என்பதும் எனக்குத் தெரிந்துதான் இருக்கிறது.

கணினியை இங்கே யாருக்காவது கொடுக்கலாம் என்று விசாரித்தேன். இங்கிலீஷ் கீபோர்டு என்றதும் யாருக்கும் வேண்டாமாம். நாளை எனக்கு விடுப்பு. கிடங்கு காலையில் திறந்திருக்கும், போன் செய்து கேட்டுவிட்டேன். மின்சார ரசீதும் இப்போது என் பெயரில்தான் வருகிறது.